தெரியாது என்று சொல்ல வந்தவர்கள்

என் கணவர் இறந்த பிறகு கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவை என்ற ஊரில் எங்கள் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு பிரதான வீதியிலிருந்து கீழே இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பின்பக்கம் ரயில் பாதை. அக்கம்பக்கம் எல்லாம் சிங்களக் குடும்பங்கள். பார்த்தால் சிரிப்போம், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம். சில நாட்களில் தமிழில் ஒரு சொல்கூடப் பேசாமல் படுத்துவிடுவேன். ஒருமுறை கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநர் என் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தும் எப்படியோ கண்டுபிடித்து, "அம்மா எங்க இறங்கணும்?" என்று தமிழில் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னபோது அது வேறு யாரோ ஒருத்தியின் குரல் போல இருந்தது.

அவர் கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் பாடுவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தசைகள் செயலிழக்கும் நோய் அவருக்கு வந்தது. முதலில் வலது கை. சட்டைப் பொத்தான் போட முடியாமல் என்னிடம் வந்து நிற்பார். பிறகு கால்கள். கடைசியாக நாக்கு. பாடிய மனிதர் தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கு டீச்சர்." "நல்லவங்களத்தான் அவர் சோதிப்பாரு." "நமக்கு விளங்காது, தாழ்மையா ஏத்துக்கணும்." எல்லோரும் என்மேல் அன்புள்ளவர்கள். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்குள் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டே போனது. அவருடைய நாக்கு எந்தத் திட்டத்துக்குத் தேவைப்பட்டது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

நான் கண்டியில் ஒரு பாடசாலையில் தமிழும் கத்தோலிக்க சமயமும் படிப்பித்தவள். உலகத்தில் ஏன் தீமை இருக்கிறது என்ற கேள்விக்குப் பிள்ளைகள் பரீட்சையில் எழுத வேண்டிய விடையை நானே கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார். மனிதன் அதைத் தவறாகப் பயன்படுத்தினான். அந்த விடையில் பிழை இருப்பதாக நான் இப்போதும் சொல்லமாட்டேன். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அது பொருந்தும். என் கணவரின் தசைகளுக்குப் பொருந்தாது. அங்கே யாரும் எதையும் தவறாகப் பயன்படுத்தவில்லை.

பேராதனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பொதுமக்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, தமிழில், கடவுளும் தீமையும் என்பது தலைப்பு என்று பழைய சக ஆசிரியை ஒருவர் போனில் சொன்னார். எனக்குத் தலைப்பு முக்கியமாகப் படவில்லை. தமிழைக் காதால் கேட்கலாம் என்றுதான் போனேன்.

வகுப்பை நடத்தியவர் ஒரு பாதர். வயது நாற்பது இருக்கும். வடக்கிலிருந்து வந்து கண்டியில் மெய்யியல் படிப்பிப்பவர். மெலிந்த உடம்பு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அது சரியா என்று தனக்குள் பார்த்துக்கொண்டுதான் முடிப்பார். முதல் வாரம் சிக்கலை நேர்மையாக எடுத்து வைத்தார். கடவுள் எல்லாம் வல்லவர். கடவுள் முழுக்க நல்லவர். தீமை இருக்கிறது. "இந்த மூண்டையும் ஒண்டாக் கையில வச்சிருக்கிறது லேசில்லை," என்றார். "எதையாவது ஒண்டைக் கீழ போட்டா நிம்மதி. ஆனா சபை மூண்டையும்தான் பிடிச்சிருக்கு." அன்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வெகுநாளைக்குப் பிறகு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. சிக்கல் என்று ஒருவர் ஒத்துக்கொண்டாரே, அது போதுமாக இருந்தது.

பின்வந்த வாரங்களில் பதில்களைப் பார்த்தோம். சுதந்திரம் பற்றிய பதில். துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்ற பதில். கடைசியாகத் தாழ்மை பற்றிய பதிலுக்கு வந்தார். மனித அறிவு சின்னது. கடவுள் ஒன்றை அனுமதிப்பதற்கு என்ன காரணம் என்று நமக்குத் தெரியவில்லை என்பதற்காகக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதை விளக்க ஓர் உதாரணம் சொன்னார். கண்டி மார்க்கெட்டுக்குள் நிற்பவனுக்குத் தன் முன்னால் இருக்கிற கடையும் சனமும்தான் தெரியும். மலைக்கு மேலே ஏறி நிற்பவனுக்குத்தான் குளமும் வீதிகளும் முழு நகரமும் தெரியும். நாமெல்லாம் மார்க்கெட்டுக்குள் நிற்கிறோம்.

நான் எழுந்தேன். எழுந்து கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை.

"பாதர், நான் மார்க்கெட்டுக்குள்ளதான் நிக்கிறேன். சரி. எனக்கு ஒண்ணும் தெரியல. அப்படின்னா மேல ஒருத்தர் நிக்கிறாரு, அவருக்கு எல்லாம் ஒழுங்காத் தெரியுதுன்னு மட்டும் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னா ரெண்டும்தானே தெரியாது?"

யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பாதர் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் திரும்பி, "தாழ்மை இல்லாதவங்களுக்குத்தான் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வரும் டீச்சர்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுவது போலச் சொன்னார்.

"இல்லை, அது நியாயமான கேள்வி," என்றார் பாதர். "எனக்கு இப்ப மறுமொழி இல்லை. யோசிச்சுச் சொல்லுறன்."

அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்பின் தொடக்கத்திலேயே, "போன கிழமை டீச்சர் கேட்ட கேள்விக்கு என்னட்ட விடை இல்லை," என்று சொல்லிவிட்டு வேறு பக்கத்தைத் திருப்பினார். வழக்கமாகத் தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் வந்து நிற்கும் இரண்டு பெண்கள் அன்று வரவில்லை. கோப்பையை வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றேன். தபால் அதிபர் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அது வரும். எனக்கு அகங்காரமா? என் துக்கத்தை யாரும் தொடக்கூடாத ஒரு பெரிய பொருளாக நானே ஆக்கி வைத்திருக்கிறேனா? அதில் உண்மை இருக்கலாம் என்று பட்டது. ஆனாலும் கேள்வி பிழை என்று படவில்லை. ஒரு மனிதனுக்கு அகங்காரம் இருக்கலாம், அவன் கேட்பது சரியாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் அந்த மழை வந்தது. மலைநாட்டு மழை எங்களுக்குப் புதிதில்லை, இது வேறு. மின்சாரம் போனது, போன் செத்தது, ரயில் நின்றது. பாதையில் மண் விழுந்து கடுகண்ணாவைக் கணவாய் மூடப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் எந்த நேரமும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம். மண்ணா தண்ணீரா என்று தெரியவில்லை. நான் அலுமாரியிலிருந்து அவருடைய பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். செபம் சொல்ல வரவில்லை. பயமும் பெரிதாக இல்லை. இந்த வீடு சரிந்தால் யார் எப்போது தேடி வருவார்கள் என்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதில் நன்றாக இல்லை.

மழை விட்டு, போன் உயிர் பெற்ற அன்றே பாதர் கூப்பிட்டார்.

"டீச்சர், சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கேன் பாதர்."

"தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில தொழிலாளர் குடியிருந்த லயம் ஒண்டு மண்ணுக்குள்ள போயிட்டுது. அங்க எங்கட கத்தோலிக்கச் சனமும் கொஞ்சம் இருக்கு. நான் போகவேணும். நீங்கள் அந்தப் பக்கம் பிறந்தனீங்கள் எண்டு ஒருநாள் சொன்னனீங்கள். என்னோட வாறீங்களோ?" கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத் தனியப் போகப் பயமா இருக்கு," என்றார்.

நான் அந்தப் பக்கம் பிறந்தது உண்மைதான். ஆனால் சின்ன வயதிலேயே கண்டி விடுதிப் பாடசாலைக்கு வந்துவிட்டேன். அங்கே எனக்கு இப்போது யாரும் இல்லை. ஆனாலும் வருகிறேன் என்றேன். பயமாக இருக்கிறது என்று ஒரு பாதர் சொல்லி நான் கேட்டதில்லை.

கலஹா வரை வேன் போனது. அதற்கப்பால் நடந்தோம். தேயிலைச் சரிவுகளில் இடையிடையே மலை தோல் உரிந்தது போலச் சிவப்பாகக் கிடந்தது. பாதருடைய சப்பாத்தில் மண் ஒட்டிக் கனத்துப்போய் அடிக்கடி நின்று குச்சியால் சுரண்டினார்.

தப்பியவர்களைத் தோட்டப் பாடசாலையில் தங்க வைத்திருந்தார்கள். மேசைகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டுத் தரையில் பாய் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம், தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவளுடைய புருஷனை மண்ணிலிருந்து எடுத்து அவசரமாக அடக்கம் செய்துவிட்டார்கள். பதினாறு வயது மகள் கிடைக்கவில்லை. மலை சரிந்தபோது இவள் கீழ் லயத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்திருக்கிறாள். அதனால் உயிரோடு இருக்கிறாள். முந்தின நாள் ஒரு போதகர் வந்து, இந்தச் சோதனையைத் தாழ்மையோடு ஏற்றுக்கொள்ளம்மா என்று செபித்துவிட்டுப் போனாராம். அதிலிருந்து இவள் யாருடனும் பேசவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள்.

பாதர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் சொன்னார்: "அம்மா, இது ஏன் நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிக் கதைக்க நான் வரேல்லை."

எனக்கு அந்தக் கணம் அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது. என் கேள்வி அவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா பாதர் இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீங்க?"

பாதர் மண் ஒட்டிய சப்பாத்துகளைக் கழற்றித் தள்ளி வைத்தார்.

"நேத்து ஒருத்தரு வந்து தாழ்மையா இருங்கிறாரு. காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் மலையில குனிஞ்சே நிக்கிறவ நான். இன்னும் எங்க குனியிறது? நீங்க வந்து தெரியாதுங்கிறீங்க. எனக்கும்தான் தெரியாது. அதுக்கு நீங்க எதுக்கு?" அவள் குரல் உயரவேயில்லை. "மலையில வெடிப்பு விட்டப்பவே எங்கள எழும்பிப் போங்கன்னாங்க. போகச் சொன்னாங்க, எங்கன்னு சொல்லல. இப்ப எல்லாரும் வந்து சாமியப் பத்திப் பேசுறாங்க."

தாழ்மை என்ற சொல்லை நான் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எழுதக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் தாழ் என்று ஒரு சொல் இருப்பதை அன்றுதான் கேட்டேன். மேலே நிற்பவன் இறங்கி வருவதற்கு அந்தச் சொல் நல்ல சொல். ஏற்கெனவே கீழே அழுத்தி வைக்கப்பட்டவளிடம் போய் அதையே சொன்னால், அழுத்துகிற கைகளோடு நம் கையையும் வைத்தது போலாகிவிடும்.

"என்னம்மா செய்யணும்? சொல்லு," என்றேன். வேறென்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எம் மக வீட்டுக்குள்ள இல்லம்மா. பீலிக்கரைக்குப் போனா. காயப்போட்ட துணி நனையுதுன்னு எடுக்கப் போனா. ஆமிக்காரங்க வீடு இருந்த எடத்தையே தோண்டித் தோண்டிப் பாத்துட்டு இல்லன்னு நிறுத்திட்டாங்க. நான் சொன்னேன். யாரும் கேக்கல. மூளை கலங்கிப் பேசுறேன்னு நம்ம ஆளுங்களே அவங்ககிட்டச் சொல்லிட்டாங்க. பாதர் கேட்டா கேப்பாங்க. எனக்குக் காரணமெல்லாம் வேணாம். பீலிக்கரையத் தோண்டச் சொல்லுங்க."

பீலிக்கரை என்பது மலையிலிருந்து வரும் தண்ணீரைப் பீலி வைத்து விழச்செய்து, லயத்துச் சனம் குளிக்கவும் துவைக்கவும் வைத்திருக்கும் இடம். மேல் லயத்துக்கு அந்தப் பக்கம், சரிவின் ஓரத்தில் இருந்ததாம். இப்போது அங்கே மண் மட்டும்தான்.

தேடுதலுக்குப் பொறுப்பாக இருந்த இராணுவ அதிகாரியிடம் போனோம். தூங்காத கண்கள். பாதர் தெரிந்த சிங்களத்தில் தொடங்கி இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறினார். நான் பேசினேன். கடுகண்ணாவையில் வாழ்ந்து வாழ்ந்து என் சிங்களம் சரளமாகிவிட்டது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். இன்னொரு பாதையில் மண் விழுந்து நோயாளிகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை அங்கே அனுப்ப வேண்டும், இங்கே மலை இன்னும் அசைகிறது என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. சாதாரணமாக நான் அந்த இடத்தில் சரி என்று சொல்லித் திரும்பிவிடுகிறவள். அன்று திரும்பவில்லை. அந்தத் தாய் சொன்னதையே வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதர் என் பக்கத்தில் அங்கியோடு நின்றார். நிற்பது மட்டும்தான் அவர் செய்தது. ஆனால் அந்த அங்கியைப் பார்த்துத்தான் அதிகாரி எங்களைப் போகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில், "நாளைக் காலை மட்டும். அதற்குப் பிறகு கேட்கக்கூடாது," என்றார்.

அன்றிரவு பாடசாலையிலேயே தங்கினோம். காலையில் பெக்கோ பீலிக்கரைப் பக்கம் ஏறியது. அந்தத் தாயைக் கிட்டே விடவில்லை. கயிறு கட்டிய எல்லைக்கு இப்பால் நானும் அவளும் நின்றோம். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை. வாளி ஒவ்வொரு முறை மண்ணைக் கொட்டும்போதும் கொஞ்சம் முன்னால் சாய்வாள், பிறகு நிமிர்வாள்.

வெயில் ஏறிய நேரம் மேலே ஒருவர் கையைத் தூக்கினார். இயந்திரம் நின்றது. இராணுவத்தினர் மண்வெட்டியை விட்டுவிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினார்கள். பாதர் மேலே ஓடினார். கொஞ்ச நேரத்தில் தானே இறங்கி வந்து எங்கள் முன் நின்றார்.

"பிள்ளை இல்லையம்மா," என்றார். "ஒரு வயசான ஐயா."

யார் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு தோட்டத்து ஆட்கள் வந்து அடையாளம் சொன்னார்கள். மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்த கிழவர். பெண்சாதி எப்போதோ செத்துப்போய்விட்டாள், பிள்ளை குட்டி இல்லை. அவ்வப்போது கலகெதரவில் ஒரு கடைக்கு இராக்காவலுக்குப் போய்ச் சில வாரம் தங்கிவிட்டு வருவார். அங்கே போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். காணாமல் போனவர்களில் ஒருவராக அவரை யாரும் சொல்லவேயில்லை. இத்தனை நாளும் அவரை யாரும் தேடவில்லை.

அங்கேயே கல்லில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நிற்பவளுக்கு நான் ஆறுதலாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் அந்தக் கிழவருக்காக அழுதேன். அவருக்காக மட்டும்தான் அழுதேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை.

பெக்கோ மத்தியானம் வரை தோண்டியது. பிள்ளை கிடைக்கவில்லை. அதிகாரி வந்து அந்தத் தாயின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவள் தலையை ஆட்டினாள். இயந்திரம் இறங்கிப் போனது.

கிழவரை அடக்கம் செய்ய வேண்டும். சொந்தம் என்று கையெழுத்துப் போட யாருமில்லை. கிராம சேவகரும் தோட்டத்து ஆட்களும் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் நடுவில் போய் நின்றாள்.

"நான் இருக்கேன். நான் தேடச் சொல்லித்தானே அவரு கெடச்சாரு. எங்க வீட்டு ஆளா வச்சுக்கங்க."

"அவரு சைவமாச்சே புள்ள," என்றார் ஒருவர்.

"அதுக்கென்ன? தேவாரம் தெரிஞ்சவங்க பாடுங்க. நான் மண்ணு போடுறேன்."

அப்படித்தான் நடந்தது. ஓர் ஆசிரியர் திருநீறு பூசினார், தெரிந்ததைப் பாடினார். பாதர் பின்னால் தள்ளிக் கைகட்டி நின்றார். அவள் குனிந்து முதல் பிடி மண்ணை எடுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து, "என் தங்கமே, என் தங்கமே" என்று வாய்விட்டு அழத் தொடங்கினாள். அது யாருக்கான அழுகை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழவரின் குழியருகில்தான் அவளால் தன் மகளுக்காக அழ முடிந்தது.

திரும்பி நடக்கும்போது பாதர் திடீரென்று நின்றார். "டீச்சர், அந்தப் பிள்ளையைத் தேடினபடியாத்தான் அந்த ஐயா..." என்று தொடங்கினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு காரணம் கிடைத்துவிட்டது போன்ற வெளிச்சம். எனக்குள்ளும் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று உடனே புரிந்தது. நான் அவரையே பார்த்தேன். அவர் முகம் மெல்ல மங்கியது.

"இல்லை," என்றார். "அதை நான் சொல்லக்கூடாது. ஒரு பிள்ளையை அதுக்கு விலையாக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"ஆமா பாதர்."

"அந்த லயத்தை அங்கேயே விட்டு வச்சது கடவுள் இல்லை, டீச்சர். அது நாங்கள். அதைக் கடவுளிட்டக் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு."

"மழைய நாம பெய்யச் சொல்லலியே," என்றேன்.

"ஓம். அதுதான் மிச்சம்." மறுபடி குச்சியால் சப்பாத்தைச் சுரண்டினார். "அந்த மிச்சத்துக்கு என்னட்ட ஒண்டும் இல்லை."

நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கதவுக்குக் கீழே மழைத்தண்ணீர் வந்து காய்ந்த கறை இருந்தது. துடைத்தேன். தேநீர் போட்டுக் குடித்தேன். சாயங்காலமானதும் அந்தக் கிழவரின் நினைப்பு வந்தது. அவருக்கு வாய் இருந்திருக்கும். பக்கத்துக் காம்பராவில் ஒருவரிடம் நான் காவலுக்குப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியிருக்காது. தோன்றினாலும், நம்மைப் பற்றி யாருக்கு என்ன என்று விட்டிருப்பார். அதை நான் நன்றாக அறிவேன்.

மறுநாள் காலை முன்வீட்டுப் பெண்ணிடம் போனேன். எத்தனையோ வருடமாக அந்தப் படியை நான் மிதித்ததில்லை. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். காலையில் என் முன் சன்னல் திறக்காவிட்டால் ஒருதரம் வந்து கதவைத் தட்டிப் பாருங்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். அதைக் கேட்பதற்கு நான் பட்ட பாடு பெரியது. வகுப்பில் எழுந்து பாதரைக் கேள்வி கேட்டது அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்," என்றாள்.

சனிக்கிழமை வகுப்பு மறுபடி தொடங்கியது. கடைசி நாளன்று பாதர் பழைய உதாரணத்துக்குத் திரும்பவில்லை. "தாழ்மை பற்றி நான் சொன்னதைத் திருத்த வேணும்," என்றார். "அது ஒருத்தர் தனக்குச் சொல்லிக்கொள்ளுற வார்த்தை. வலியில இருக்கிற மற்றவருக்குச் சொன்னா அது தாழ்மை இல்லை. கடவுளுக்குப் பதிலா நாங்கள் கதைக்கிறது. அதைவிடப் பெரிய அகங்காரம் இருக்கேலாது. எனக்குத் தெரியாது எண்டு சொல்லுறதும் முடிவில்லை. சொல்லிப்போட்டு எழும்பிப் போனா அதுவும் தப்பி ஓடுறதுதான்." தபால் அதிபர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கையைக் குலைக்கிற பேச்சு என்று நேரடியாகவே சொன்னார். அன்று தேநீர் நேரத்தில் தபால் அதிபர் என் பக்கத்தில் வந்து நின்றார். தன் மகன் சின்ன வயதில் நோயில் போனதை, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போல, என்னிடம் சொன்னார். காரணம் இருக்கிறது என்று நம்பாவிட்டால் தன்னால் காலையில் எழும்ப முடியாது என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. அவருடைய கோப்பையை வாங்கி என்னுடையதோடு சேர்த்துக் கழுவி வைத்தேன்.

பாதரை அதற்குப் பிறகு வடக்கே ஒரு பங்குக் கோவிலுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தாய் கண்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஒரு புடவைக் கடையில் வேலை. மகள் கிடைக்கவேயில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு போனில் பேசுவாள். கடைக்கு வருகிற சனத்தைப் பற்றி, அண்ணன் பெண்சாதியின் வாயைப் பற்றி. சில நேரம் ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பாள். நானும் வைத்துக்கொண்டு இருப்பேன்.

கோவிலுக்கு மறுபடி போகத் தொடங்கியிருக்கிறேன். சமாதானம் ஆகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், ஆகவில்லை. என் கணவரின் நாக்குக்கு இன்னும் ஒரு பதிலும் வரவில்லை, வரும் என்று நான் காத்திருக்கவுமில்லை. பின் வரிசையில் உட்கார்வேன். செபம் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இப்போது எனக்கு வருகிறது. ஆண்டவரே, இருக்கிறீர் என்றால் அந்தப் பிள்ளையை நீராவது தேடும் என்று சொல்வேன். பூசை முடிந்ததும் கண்டி பஸ் நிலையத்துக்கு நடந்து போய் கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறி உட்காருவேன். ஞாயிறு மத்தியானம் என்பதால் பெரும்பாலும் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும்.